வளர்ற பிள்ளைக்கு ரெண்டு இஞ்ச்

"நாப்பத்திரண்டு," என்று ரேணுகாம்பாள் வாய்க்குள் சொல்லிக்கொள்கிறார். கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் பஸ்ஸில் மூன்று சீட் தள்ளி நிற்கும் அம்மாளின் இடுப்பு அது. அந்த அம்மாளைக் கேட்டால் முப்பத்தாறு என்று சாதிப்பார். அடுத்த நிறுத்தத்தில் ஏறும் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டுக்கு மார்பு முப்பத்தெட்டு, வயிறு நாற்பத்து மூன்று. எந்தப் பட்டன் எந்த மாதம் தெறிக்கும் என்பது வரை மனத்தில் குறித்தாகிவிட்டது. டிக்கெட் கொடுக்க வரும் கண்டக்டருக்கு ஒரு தோள் அரை இஞ்ச் இறக்கம். "பைய அந்தத் தோளுக்கு மாத்துங்க தம்பி," என்கிறார். கண்டக்டர் ஏன் என்று கேட்காமல் மாற்றிக்கொள்கிறார். ரேணுகாம்பாள் சொன்னால் திருவண்ணாமலை வேங்கிக்கால் வட்டாரத்தில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அதனால் வந்த வினையைத்தான் பார்க்கப் போகிறோம்.

வயது நாற்பத்தேழு. கழுத்தில் தாலிக்கு மேலே மஞ்சள் டேப். இரண்டில் எதை முதலில் கழற்றுவார் என்று அவர் கணவரே பந்தயம் கட்ட மாட்டார். கலெக்டர் ஆபீஸுக்குப் போகும் சாலையில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் ஒரு ஜூஸ் கடைக்கும் நடுவே பத்துக்கு எட்டில் 'ரேணுகா லேடீஸ் டெய்லர்'. திங்கட்கிழமை மனு கொடுக்க வரும் கூட்டத்தில் பாதி, அவர் கடை நிழலில்தான் நிற்கும். மனு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஜாக்கெட்டுக்கும் அளவு கொடுத்துவிட்டுப் போகும். மனுவுக்கு என்ன ஆகுமென்று சொல்ல முடியாது. ஜாக்கெட் வெள்ளிக்கிழமை கிடைத்துவிடும்.

இருபத்திரண்டு வருடத்தில் ரேணுகாம்பாளின் அளவு தப்பியதே கிடையாது. தப்பியதெல்லாம் உடம்புகள். ஜாக்கெட் இறுக்கமாக இருக்கிறதென்று ஒருத்தி வந்தால், "போன வாரம் எந்தக் கல்யாணத்துக்குப் போனே?" என்பார். லூஸாக இருக்கிறதென்று வந்தால் குரல் இளகிவிடும். "எளச்சுட்டே கண்ணு. வீட்ல எதனா பிரச்சினையா?" கேட்ட மாத்திரத்தில் வந்தவள் கண் கலங்கி மாமியார் கதையை ஆரம்பிப்பாள். கதை முடியும்போது ஜாக்கெட் மறந்துபோயிருக்கும். ஓர் அதிகாரி மனைவி, கை லூஸாக இருந்த பாவத்துக்கு தைராய்டு டெஸ்டே எடுத்துவிட்டார். நார்மல் என்று வந்தது. "லேப் சரியில்ல," என்றார் ரேணுகாம்பாள்.

தொழிலில் அவருக்கு இன்னொரு கொள்கையும் உண்டு. பிள்ளைகளுக்குத் தைத்தால் எந்த அளவென்றாலும் இரண்டு இஞ்ச் கூடப் போடுவது. பள்ளிக்கூட யூனிஃபார்மோ, தீபாவளிப் பாவாடையோ, அளவு எடுத்து முடித்ததும் பென்சில் தானாக இரண்டைக் கூட்டி எழுதும். "வளர்ற புள்ள," என்பார். ஆறாம் வகுப்பில் தைத்த பாவாடை எட்டாம் வகுப்பு வரை வரும். ஆறாம் வகுப்பில் அது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கும். எட்டாம் வகுப்பில் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு நடக்கும். நடுவில் ஏழாம் வகுப்பில் ஒரு மூன்று மாதம் சரியாக இருக்கும். அந்த மூன்று மாதத்தில்தான் ஊர்த் தாய்மார்கள் எல்லாரும் குரூப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவர் கையில் சக்கர நாற்காலி எப்படி வந்தது என்றால், ஒரு கொத்தனார் டேப்பால் வந்தது.

சென்ற தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. கடை நிழலில் மூன்று வீல்சேர்கள் நின்றன. அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் ரகம். ஒவ்வொன்றும் ஓர் அரிசி மூட்டை கனம். பக்கத்தில், கழுத்தில் விசிலோடு செழியன். அரசுப் பள்ளி விளையாட்டு ஆசிரியர், பள்ளி நேரம் போக வீல்சேர் பாஸ்கெட்பால் பயிற்சியாளர். சென்னையில் ஒரு அறக்கட்டளை, நடக்க முடியாத இளம் விளையாட்டுக்காரர்களுக்கு ஸ்போர்ட்ஸ் வீல்சேர் இலவசமாகச் செய்து தருகிறது. ஆளுக்கு ஆள் அளவெடுத்துச் செய்ய வேண்டும். அளவெடுக்க வரவேண்டியவர் வரவில்லை. ஃபாரத்துக்கு அன்றே கடைசி நாள். செழியன் இரும்பு டேப்பை இழுத்து, வேடியப்பன் என்கிற பையனின் இடுப்புக்குக் குறுக்கே பிடித்தார். டேப் சர்ரென்று சுருண்டு வந்து வேடியப்பன் விரலில் அறைந்தது.

ரேணுகாம்பாளால் பொறுக்க முடியவில்லை. மிஷினை விட்டு எழுந்து வந்தார்.

"ஏன் சார், மனுஷ உடம்பப் போய் இரும்பு டேப்ல அளக்கறீங்களே, இவன் என்ன பில்லரா? இப்படிக் குடுங்க அந்த ஃபாரத்த."

ஃபாரத்தில் பதினொரு கட்டங்கள். உட்கார்ந்த நிலையில் இடுப்பு அகலம், தொடை நீளம், முழங்காலிலிருந்து குதிகால், முதுகு உயரம், கை வீச்சு. இப்படி ஓர் அளவு ஃபாரத்தை ரேணுகாம்பாள் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஜாக்கெட்டுக்கே ஏழுதான். மகிழ்ச்சியில் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. மூன்று பேரையும் இரண்டிரண்டு முறை அளந்தார். கூலி என்று செழியன் பையில் கைவைத்தபோது, "ஃபாரம் இன்னும் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து மாவட்டத்தில் எந்தப் பிள்ளைக்கு விளையாட்டு நாற்காலி என்றாலும் அளவு ரேணுகா லேடீஸ் டெய்லரில்தான். ஆண் பிள்ளைகள் முதலில் போர்டைப் பார்த்துத் தயங்குவார்கள். "உள்ள வா. உனக்கு என்ன சுடிதாரா தைக்கப் போறேன்?" என்பார்.

அந்த முதல் மூவரில் ஒருத்தி கவிநிலா. கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை ஊர்க்காரி. பி.காம். இரண்டாம் வருடம், பத்தொன்பது வயது, கூர்மையான நாக்கு. ஏன் நடப்பதில்லை என்கிற கேள்வி இங்கே வேண்டாம். கிரிவலம் வருகிற பாதித் தமிழ்நாடு அவளை நிறுத்தி அதைக் கேட்டாகிவிட்டது. பிள்ளைகள் விடிந்ததும் பயிற்சி எடுப்பது கிரிவலப் பாதையில்தான், வழவழவென்று இருப்பதால். வேர்க்க விறுவிறுக்க வேகம் பழகிக்கொண்டிருக்கும்போது, பின்னால் ஒரு பக்தர் ஓடிவந்து மடியில் சாம்பார் சாதப் பொட்டலத்தை வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போவார். பௌர்ணமி அன்று வேடியப்பன் ஒரு சுற்றுக்கு ஆறு பொட்டலம் சேர்ப்பான். "புளியோதரை கம்மியா வருது சார், ரூட்ட மாத்துங்க," என்று செழியனிடம் புகாரும் செய்வான்.

கவிநிலா பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். "நான் பிராக்டீஸ்ல இருக்கேங்க. நீங்க சாப்பிடுங்க, பாதி சுத்துலயே உங்களுக்கு மூச்சு வாங்குது." அவளுக்கு ஒரே ஒரு கணக்கு. மாநில ஜூனியர் முகாமுக்கான தேர்வு ஆனி மாதத்தில், ஊரிலேயே ஒரு கல்லூரி மைதானத்தில் நடக்கிறது. ஆடியில் அவளுக்கு இருபது முடிகிறது. அப்புறம் ஜூனியர் கிடையாது. இந்த ஒன்றுதான்.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் நாற்காலிகள் வந்தன. விழா என்று ஒன்று வைக்காமல் இருக்க முடியுமா? மேடை, பந்தல், பொன்னாடை, ஒரு பிரமுகர். பிரமுகர் நாற்காலியின் பின்னால் போய் நின்றார், தள்ளுவது போலப் போட்டோ எடுப்பதற்கு. விளையாட்டு நாற்காலிக்குப் பின்னால் தள்ளும் கைப்பிடி கிடையாது. யாரும் தள்ளக் கூடாது என்பதற்காகவே செய்தது அது. பிரமுகரின் இரண்டு கைகளும் காற்றில் கொஞ்ச நேரம் தேடின. "புடி எங்கப்பா?" என்றார் பக்கவாட்டில். "இல்லீங்க," என்றாள் கவிநிலா. "நீங்க சும்மா நிக்கலாம்." அவர் சும்மா நின்றார். பழக்கமில்லாததால் போட்டோவில் தொலைந்துபோனவர் மாதிரி விழுந்திருக்கிறார்.

அடுத்து, சக்கரம். இரண்டும் நேராக நிற்காமல், மேலே நெருங்கிக் கீழே அகன்று சாய்ந்திருந்தன. கூட்டத்தில் ஒரு மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "டேமேஜ் பீஸ தள்ளிவிட்டுட்டாங்க. கடைக்கு எடுத்தா, நிமித்தித் தரேன்," என்றார். ரேணுகாம்பாள் அவரை மடக்கினார். "பாவாடை கீழ விரிஞ்சிருந்தாத்தான்ப்பா சுத்தும்போது காலத் தட்டாது. நேரா வெட்டினா தடுக்கி விழ வேண்டியதுதான். இது அம்பர்லா கட்." செழியன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஆறு மாசமா இதைத்தான் நான் எல்லாருக்கும் படம் போட்டு விளக்கிட்டிருந்தேன்," என்றார் சோகமாக.

எல்லாம் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தது, கவிநிலா உட்காரும் வரை.

உட்கார்ந்தாள். பெல்ட்டைக் கட்டினாள். ஒரு தள்ளு தள்ளி, இடுப்பை வெட்டி இடது பக்கம் திரும்பினாள். அவள் திரும்பிவிட்டாள். நாற்காலி யோசித்துவிட்டுப் பிறகு திரும்பியது. மறுபடி வலது பக்கம். அதே கதை.

"அக்கா, நான் வந்துட்டேன். சேர் இன்னும் வரல," என்றாள்.

வேடியப்பன் தன் நாற்காலியில் இடமும் வலமுமாக நகர்ந்து பார்த்தான். "எனக்குப் பக்கத்துல இன்னொருத்தர் ஏறலாம்க்கா. ஷேர் ஆட்டோ."

ரேணுகாம்பாள் குனிந்து, கவிநிலாவின் இடுப்புக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே விரல்களை விட்டார். இந்தப் பக்கம் ஒரு இஞ்ச். அந்தப் பக்கம் ஒரு இஞ்ச். சிலர் தங்கள் கையெழுத்தை இருட்டிலும் கண்டுபிடிப்பார்கள். ரேணுகாம்பாளுக்கு அந்த இரண்டு இஞ்ச் அப்படி. ஃபாரத்தில் பென்சில் தானாகக் கூட்டி எழுதியது கண் முன்னால் வந்து நின்றது. பதினாலு, வளர்ற புள்ள, பதினாறு. மூன்று பேருக்கும் அப்படித்தான். விளையாட்டு நாற்காலி உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், ஆள் அசைந்தால் அது அசைய வேண்டும் என்று ஃபாரத்திலேயே அச்சடித்திருந்தது. ஜாக்கெட் வாங்க வருகிறவர்கள் சொல்லும் யோசனைகளைப் போல அதையும் அவர் படித்துவிட்டு ஒதுக்கியிருந்தார்.

சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

"எளச்சுட்டே கண்ணு," என்றார்.

"நானா?"

"நீதான். தையில எடுத்த அளவு. பரீட்சை, வெயிலு. உடம்பு இறங்கிப்போச்சு."

"எனக்குமாக்கா?" என்றான் வேடியப்பன்.

"மூணு பேரும்," என்றார் ரேணுகாம்பாள். ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் கொஞ்சமாகச் சொல்வது அவருக்கு வராது. "காலம் அப்படி."

செழியன் நம்பவில்லை. அவர் நாற்காலி செய்த கம்பெனியைச் சந்தேகப்பட்டுத் தினம் ஒரு மெயில் அனுப்பினார். கவிநிலாவின் அம்மா பாஞ்சாலை நம்பினார். நம்பியதோடு நில்லாமல் அடுப்பை மூட்டினார். பாஞ்சாலைக்கு நூறு நாள் வேலை, இரண்டு கறவை மாடு, ஒரே மகள். பத்து நாளில் ஒரு நாற்காலியை நிரப்ப வேண்டும் என்று வந்தபின் அவர் தூங்கவில்லை. காலையில் நெய் ஊற்றிய உளுந்தங்களி. பத்து மணிக்கு வேர்க்கடலை உருண்டை. மத்தியானம் முட்டை இரண்டு, அதை மறைக்க சோறு. சாயந்திரம் பாலில் பேரீச்சை. கவிநிலா தட்டைத் தள்ளினால், "நாலு வாய்தான்டி. ரெண்டு இஞ்ச் என்ன பெரிய தூரமா?" என்பார். ஏழாவது நாள் ரேணுகாம்பாளே மனசு கேட்காமல் ஒரு டப்பா கேசரி கொடுத்தனுப்பினார். அதைக் கொடுத்தனுப்பிய கையால் அன்று முழுக்கத் தைத்தது எதுவும் நேராக வரவில்லை.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, பாஞ்சாலையும் கவிநிலாவும் கடைக்கு வந்தார்கள். கவிநிலா பழைய அரிசி மூட்டை நாற்காலியில் வந்திருந்தாள். ரேணுகாம்பாள் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார்.

"யக்கா, ரெண்டு கிலோ ஏறிட்டா," என்றார் பாஞ்சாலை, ஜெயித்தவர் குரலில். உடனே அது இறங்கியது. "ஆனா சேர் ரொம்பலக்கா. ஏறினதெல்லாம் கன்னத்துக்குப் போயிடுச்சு."

கவிநிலாவின் கன்னம் உண்மையிலேயே பளபளவென்றிருந்தது. முகம்தான் சரியில்லை.

"விடும்மா. சேர் நல்ல சேர்தான். நேத்து வேகத்துல திரும்பும்போது வழுக்கிட்டேன், பால் போயிடுச்சு. மூணு தடவ. இப்ப வெயிட் வேற ஏறி மூச்சு வாங்குது." ரேணுகாம்பாள் பக்கம் திரும்பினாள். "எனக்குத்தான் அந்த உடம்பு இல்லக்கா. செழியன் சார்கிட்ட என் பேர எடுத்துடச் சொல்லப் போறேன். போற வழில உங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னு. அவ்ளோ மெனக்கெட்டு அளவெடுத்தீங்க."

ரேணுகாம்பாள் வாயிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து டப்பாவில் போட்டார். இன்னொன்று. இன்னொன்று. ஏழு ஊசிகள். ஏழாவதை எடுத்தபின் எடுக்க ஒன்றுமில்லை.

"நீ எளைக்கல," என்றார்.

"இன்னாக்கா?"

"எளைக்கவே இல்ல. உன் இடுப்பு தையிலயும் பதினாலு, இன்னிக்கும் பதினாலு. நான்தான் பதினாறுன்னு எழுதினேன்."



"ஏன்?" என்றாள் கவிநிலா.

"வளர்ற புள்ளன்னு."

கவிநிலா அவரையே பார்த்தாள். பிறகு அவள் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறாள் என்று பாஞ்சாலை முந்தானையோடு ஓடினார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பத்தொம்போது வயசுக்கு மேல எங்கக்கா வளரப் போறேன், சைடுலயா?"

"அதான் தப்பு," என்றார் ரேணுகாம்பாள். அந்தச் சொல் அவர் வாயில் முதல் தடவை வருவதால், எங்கே அழுத்துவது என்று தெரியாமல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. ஜூஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என் தப்பு. அளவு என்னுது, தப்பும் என்னுது."

"அப்ப பத்து நாளா நான் கிண்டின களி?" என்றார் பாஞ்சாலை.

"அது வீணாகலம்மா. கன்னத்துல இருக்கு," என்றாள் மகள்.

பாஞ்சாலை நின்ற இடத்திலேயே நின்று ரேணுகாம்பாளைத் திட்டினார். இரண்டு நிமிடம், மூச்சு விடாமல், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைக்காமல் மகளுக்கு உளுந்து ஆட்டிய கதையிலிருந்து ஆரம்பித்து. திட்டி முடித்த பாஞ்சாலை மூச்சு வாங்கிவிட்டு, "இப்ப இன்னாக்கா பண்றது?" என்று கேட்டார். திட்டுவதற்கும் யோசனை கேட்பதற்கும் அவருக்கு அந்த ஒரே ஆள்தான் இருந்தார்.

"பிடிச்சுத் தெச்சுட வேண்டியதுதான்," என்றார் ரேணுகாம்பாள்.

அதற்கு முன்னால் இன்னொரு வேலை இருந்தது. அடுத்த தவணைக்கு அவர் அளந்து அனுப்பிய பதினொரு பிள்ளைகளின் ஃபாரங்கள் சென்னையில் காத்துக்கொண்டிருந்தன. செழியனை வரவழைத்து, அவர் முன்னாலேயே அறக்கட்டளைக்கு ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். "மேடம், திருவண்ணாமலையிலேந்து டெய்லர் பேசறேன். பதினொண்ணு ஃபாரத்துலயும் எல்லா அளவுலயும் ரெண்டு ரெண்டு இஞ்ச் கம்மி பண்ணிக்குங்க. கம்பெனி மேல தப்பில்ல. நான் ஜாஸ்தி போட்டுட்டேன்." எதிர்முனையில் அந்த அம்மாள், எல்லாவற்றிலுமா என்று இரண்டு முறை கேட்டார். "எல்லாத்துலயும். குதிகாலு உட்பட." கம்பெனிக்கு ஒன்பது மெயில் அனுப்பியிருந்த செழியன், பத்தாவதாக ஒரு மன்னிப்பு மெயிலை அங்கேயே நின்று தட்டச்சு செய்தார்.

சனிக்கிழமை காலை கடை முன்னால் புது நாற்காலி நின்றது. பஸ் சீட்டுக்குப் போடும் ரெக்ஸின், அழுத்தமான ஃபோம், பெரிய ஊசி. ரேணுகாம்பாள் கவிநிலாவை நாற்காலியில் உட்காரவைத்து, முதுகுக்கும் காலடிக்கும் ஒவ்வொரு திண்டு கொடுத்து, இடுப்பின் இரு பக்கமும் காகிதம் வைத்து வரைந்து, ஃபோமை வெட்டி, ரெக்ஸினில் உறை தைத்து, பக்கத் தகட்டோடு இழுத்துக் கட்டினார். முதல் தடவை சரிப்படவில்லை. பிரித்தார். இரண்டாவது தடவை இடது பக்கம் மேடு தட்டியது. பிரித்தார். மூன்று ஊசிகள் உடைந்தன. முகூர்த்த மாதம். கல்யாணப் பெண்ணின் அம்மா வாசலில் வந்து நின்றார்.

"டெய்லரம்மா, ஜாக்கெட் என்னாச்சு? திங்கக்கிழமை கல்யாணம்."

"ஞாயித்துக்கிழமை மேட்ச்," என்றார் ரேணுகாம்பாள், தலை நிமிராமல்.

"யாருக்கு?"

"எங்களுக்கு."

கல்யாணப் பெண்ணின் அம்மா போகவில்லை. ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அதுதான் சீக்கிரம் முடிய வழி என்று அவருக்குப் பட்டது.

நான்காவது தடவை. கவிநிலா நாற்காலியில் இறங்கினாள். இறங்கியது கொஞ்சம் சிரமப்பட்டுத்தான்.

"மூச்சு விட இடம் இருக்கா?" என்று ரேணுகாம்பாள் கேட்டார்.

"இருக்குக்கா."

"அப்ப இன்னும் கொஞ்சம் பிடிக்கணும்."

பிடித்தார். கவிநிலா சாலையில் ஒரு ஓட்டம் விட்டு, ஜூஸ் கடைக்கு எதிரில் சடாரென்று இடுப்பை வெட்டினாள். நாற்காலி கூடவே வெட்டியது. யோசிக்கவில்லை. ஜூஸ் குடிக்க வந்த இருவரும் ஒரு டூவீலர்காரரும் தெறித்து ஒதுங்கினார்கள். "சக்கரம் கொஞ்சம் அகலமாத்தான் இருக்கும், கைய விரிச்சுத் தள்ளணும். அதுக்கு என்கிட்ட வைத்தியம் இல்ல," என்றார் ரேணுகாம்பாள். "விரிச்சுக்கறேன்," என்றாள் கவிநிலா. பின்னாலேயே வேடியப்பன் வந்து நின்றான். "அப்ப நானும் எளைக்கலையாக்கா? நான் வேற பத்து நாளா கண்ணாடி பாக்கறப்பல்லாம் எங்க எளச்சேன்னு வயித்தத் தடவித் தடவி..." "வா, உக்காரு," என்றார். சாயந்திரம் ஆறு மணிக்கு மூன்று நாற்காலிகளும் முடிந்தன. ஆறே காலுக்குக் கல்யாண ஜாக்கெட் மிஷினில் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை. கல்லூரி பாஸ்கெட்பால் மைதானம், தகரக் கூரை, சுற்றி சிமென்ட் படிகள். சென்னையிலிருந்து தேர்வாளர்கள் மூன்று பேர் கிளிப் பலகையோடு உட்கார்ந்திருந்தார்கள். படிகளில் இருநூறு பேர் இருக்கும். பெரும்பாலும் அய்யோ பாவம் என்று சொல்வதற்காக வந்தவர்கள். ஆட்டம் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் அந்தச் சொல்லுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்று மோதுகிற சத்தம், கரும்பு லாரி பாத்திரக்கடைக்குள் புகுந்த மாதிரி இருந்தது. ஒரு பெரியவர் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "அடி, அந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம்," என்று யாரையோ வழிநடத்த ஆரம்பித்திருந்தார். பாஞ்சாலை முட்டி இரண்டையும் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி மூடித் திறந்தார். பக்கத்தில் ரேணுகாம்பாள் பந்தைப் பார்க்கவே இல்லை. எல்லாருடைய கண்ணும் பந்தோடு போனது. அவர் கண் பதினாலு இஞ்சிலேயே நின்றது.

முகாமுக்கான பட்டியலில் கவிநிலாவின் பெயர் ஆறாவதாக வந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். பட்டியல் சாயந்திரம் ஒட்டப்பட்டது. பாஞ்சாலை அதைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். செழியன் விசிலை ஊதிவிட்டு, எதற்கு ஊதினோம் என்று விழித்தார். வேடியப்பன் பெயர் காத்திருப்போரில் முதலாவது. "பொட்டலம் சேத்துக்கிட்டே காத்திருக்கேன்," என்றான்.

ஆனால் ரேணுகாம்பாளுக்கு விஷயம் மூன்றாவது கால்பகுதியிலேயே முடிந்துவிட்டது.

கவிநிலா பந்தை மடியில் வைத்துக்கொண்டு கூடையை நோக்கிப் பாய்ந்தாள். வேலூரிலிருந்து வந்த ஒரு பெண், அவளைவிட ஒன்றரை மடங்கு, குறுக்கே வந்தாள். கவிநிலா இடுப்பை வெட்டினாள், நாற்காலி வெட்டியது, இரண்டு சக்கரங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. பந்து அவள் கையை விட்டுப் பறந்த அதே கணத்தில் நாற்காலி பக்கவாட்டில் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, தரையில் சாய்ந்தது. இருநூறு பேரும் ஒரே குரலில் அலறிக்கொண்டு எழுந்தார்கள். பாஞ்சாலை மூடிய கண்ணைத் திறக்கவில்லை. துண்டு கட்டிய பெரியவர் மைதானத்துக்குள்ளேயே ஓட, செழியன் இடுப்பைப் பிடித்து அவரை நிறுத்தினார்.

தரையில் கவிநிலா ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு சக்கரம் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. விழுந்த வேகத்தில் உடம்பு ஒரு பக்கமும் நாற்காலி ஒரு பக்கமும் பிரிந்து போகவில்லை. புரண்டு விழுந்தும் இடுப்புக்கும் ரெக்ஸினுக்கும் நடுவே ஒரு விரல் இடமில்லை, ஒரு நூல் இடமில்லை, வெளிச்சம்கூடத் தெரியவில்லை. அவள் உள்ளங்கையைத் தரையில் ஊன்றி ஓர் உந்து உந்தினாள். நாற்காலி அவளோடு சேர்ந்து, அவள் உடம்பின் மிச்சம் போல, எழுந்து நின்றது.

அந்தப் படிகளில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தவர் ரேணுகாம்பாள் ஒருவர்தான். பெண் தரையில் கிடக்கும்போதே கைதட்ட ஆரம்பித்திருந்தார். முன் வரிசையில் நாலைந்து பேர் திரும்பி, விழுந்த பிள்ளையைப் பார்த்துக் கைதட்டும் இந்தப் பொம்பளை யார் என்று முறைத்தார்கள். ரேணுகாம்பாள் காலைச் சம்மணம் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினார்.